மக்காச்சோளம் வெளுக்கிறது, கிணறு கெடுகிறது: தழைச்சத்துக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஐப்பசி மழை நான்கு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள், சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கத்து உரக்கடைகளில் கூட்டம் நிற்கும். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்து வெளிறி நிற்கும் நேரம் அது. "பயிர் வெளுத்துவிட்டது, இன்னும் ஒரு மூட்டை யூரியா கொடுங்கள்" என்பதுதான் கடை வாசலில் கேட்கும் பேச்சு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு யாரும் அதிகம் யோசிப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் யோசிக்கவில்லை. எங்கள் கிணற்று நீரில் நைட்ரேட் (தழைச்சத்து நீரில் கரைந்து ஓடும் வடிவம்) ஏறியிருப்பதாகச் சொன்ன ஆய்வு அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகுதான், வயலில் எதைப் பார்த்து எதைச் செய்தேன் என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததைத்தான் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வயலில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் கணக்கை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் மூட்டையைக் கிலோவாக மாற்றுங்கள்

"ஏக்கருக்கு ஐந்து மூட்டை போட்டேன்" என்றால் பயிருக்கு எவ்வளவு தழைச்சத்து போனது என்று தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். எனவே 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ இருக்கிறது. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தில் 18 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. டிஏபியை மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) வாங்குகிறோம் என்பதால் அதிலுள்ள தழைச்சத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து இறங்கும் கோழி எருவையும் சேர்ப்பதில்லை. அது காய்ந்த நிலையில் டன்னுக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து தரும். முதல் பயிருக்கு அதில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 250 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 100 கிலோ. இதில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதிக் கால் பங்கு 45ஆம் நாள். பயிர் வளர்ந்த பிறகு கொடுக்கும் இந்த இரண்டும்தான் மேலுரம். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ள அளவுதான் உங்களுக்குரியது. செய்யவில்லை என்றால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும்.

அடித்தோகை நுனியிலிருந்து மஞ்சளாகிறது

செடிக்குள் குனிந்து, தரையை ஒட்டிய தோகை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நுனியில் தொடங்கி நடுநரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறியிருக்கும். ஓரங்கள் இன்னும் பச்சையாக இருக்கும். நுனியில் அகன்று, தண்டை நோக்கி ஆப்பு போலக் கூர்மையாகும் மஞ்சள் அது. மேல்தோகைகள் நன்றாக இருக்க, அடித்தோகைகள் இப்படி மாறினால் அதுதான் தழைச்சத்துக் குறைவு. போதாதபோது செடி கிழட்டு இலையிலிருந்து சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது, அதனால் கீழே முதலில் தெரிகிறது.

இது 20ஆம் நாளிலிருந்து ஆண் பூ வரும் வரைக்குள் தெரிந்தால் மேலுரம் கொடுங்கள். பயிர் தழைச்சத்தை வேகமாக இழுக்கும் காலம் அதுதான். முதல் இருபது நாளில் செடி எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. விதைக்கும்போதே பாதியைக் கொட்டிவிடுகிறவர்கள் செடிக்குக் கொடுப்பதைவிட மழைக்குக் கொடுப்பதுதான் அதிகம்.

மணி முற்றும் சமயத்தில் அடித்தோகை இரண்டு மூன்று மஞ்சளானால் ஒன்றும் செய்ய வேண்டாம், அது சரியான அளவில் போட்டிருப்பதற்கு அடையாளம். அறுவடை நாளிலும் தரையைத் தொடும் தோகை வரை கரும்பச்சையாக இருந்தால், தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் குறைக்கலாம் என்று பயிரே சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குருத்து வெளுக்கிறது, அல்லது ஓரம் கருகுகிறது

இந்த இடத்தில்தான் அதிக யூரியா வீணாகிறது. கடைக்காரரிடம் "வெளுத்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் எந்த இலை, எந்தப் பகுதி என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

குருத்து இலைகளின் அடிப்பாதியில், நடுநரம்பின் இரு பக்கமும் அகலமாக வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகக் குறைவு. ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், யூரியா 10 கிராம் கலந்து தெளித்தால் பத்து நாளில் புதுத் தோகை பச்சையாக வரும். அடித்தோகையின் ஓரம் மட்டும் கருகி, நடு பச்சையாக இருந்தால் சாம்பல் சத்துக் (பொட்டாஷ்) குறைவு. இளஞ்செடி ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறைவு, அல்லது வேர் இறங்கவில்லை. இளந்தோகையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கோடு கோடாக இருந்தால், சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் பெரும்பாலும் இரும்புச்சத்துதான் எட்டவில்லை. நெல்லிலும் நடவுக்குப் பின் இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் குன்றினால் முதலில் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள்.

இவற்றில் எதற்கும் யூரியா மூட்டை மருந்தாகாது. போட்ட தழைச்சத்தைப் பயிர் எடுக்க முடியாமல் மண்ணிலேயே விட்டுவிடும்.

யூரியா போட்டும் பச்சை பிடிக்கவில்லை

போட்டு எட்டு நாளாகியும் நிறம் மாறவில்லை என்றால், மறுபடி போடுவதற்கு முன் இரண்டு கேள்விகள்.

மேலோடு தூவிவிட்டு விட்டீர்களா? ஈரமான மண்மேல் கிடக்கும் யூரியா சில நாட்களிலேயே அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். வெயிலும் காரத்தன்மையும் அதை விரைவுபடுத்தும். சேலத்துச் சுண்ணாம்பு மண்ணில் இரண்டும் உண்டு. 2015 முதல் வரும் யூரியா எல்லாமே வேம்பு பூசியது, அதனால் இந்த இழப்பு இருக்காது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேம்புப் பூச்சு தாமதப்படுத்துவது, மண்ணில் அம்மோனியம் வடிவில் உள்ள தழைச்சத்து நைட்ரேட் வடிவத்துக்கு மாறும் அடுத்த கட்டத்தை. மேலே கிடக்கும் யூரியா காற்றில் பறப்பதை அது பெரிதாகத் தடுக்காது. செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில் கோடு கிழித்துப் போட்டு, மண் அணைத்து, அளவாக ஒரு தண்ணீர் விடுவதுதான் தடுக்கும். ஆள் கூலி ஆகிறது என்பார்கள். ஆகத்தான் செய்கிறது. களையெடுத்து மண் அணைக்கும் நாளோடு மேலுரத்தையும் சேர்த்துக்கொண்டால் தனிக்கூலி மிஞ்சும்.

போட்ட பிறகு பெருமழை பெய்ததா, அல்லது வாய்க்கால் நிரம்ப நீர் விட்டீர்களா? நைட்ரேட்டாக மாறிவிட்ட தழைச்சத்தை மண் துகள் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். செவ்வல் மணல் கலந்த நிலத்தில் ஒரு பெருமழை போதும், வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அடித்தோகை உண்மையாகவே மஞ்சளானால் மட்டும், அந்த முறைக்குரிய அளவில் பாதியைக் கொடுங்கள். வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் மேலுரத்தை மூன்று நான்கு நாள் தள்ளிப்போடுவதில் பயிருக்குக் கேடு ஒன்றும் வராது. சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வயலில் தண்ணீர் நின்று மஞ்சளாகிவிட்டது

வேர் மூச்சு முட்டிக் கிடக்கிறது. முதல் வேலை வடிகால் வெட்டுவது. நீர் நிற்கும் வயலில் யூரியா தூவினால், காற்று இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. இட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போவதாகவே பொதுக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நீர் வடிந்து, கால் புதையாத அளவுக்கு மண் காய்ந்து, புது வேர் வெள்ளையாகத் தெரிந்த பிறகு மேலுரம் போடுங்கள்.

மேட்டில் வெளுப்பு, பள்ளத்தில் கரும்பச்சை

சேர்வராயன் மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் கேழ்வரகு, சாமை போடுகிறவர்கள் பார்ப்பது இது. மேட்டில் போட்ட உரம் மழையோடு கீழே வந்து நிற்கிறது. மேட்டில் இன்னும் அள்ளிப்போட்டால் அதுவும் இறங்கும். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு, குறுக்கு உழவு, ஒரே தடவையில் போடாமல் பிரித்துப் போடுதல், இவைதான் வழி. இறவைக் கேழ்வரகுக்கே ஏக்கருக்கு 24 கிலோ தழைச்சத்து போதும், சாமைக்கு அதையும்விடக் குறைவு. மக்காச்சோளத்துக்குப் பழகிய கையால் சாமைக்கும் அள்ளிப்போடக் கூடாது. மலையில் இறங்கும் நீர்தான் கீழே திருமணிமுத்தாற்றுக்கும் ஊர்க் கிணறுகளுக்கும் வருகிறது.

பயிர் கரும்பச்சை, புழு அதிகம், காற்றடித்தால் சாய்கிறது

பார்ப்பவர்கள் "என்ன செழிப்பு" என்பார்கள். இலையைக் கையால் தடவினால் மெத்தென்று இருக்கும், தண்டு அழுத்தினால் நசுங்கும். இளசான இந்தத் தழை பூச்சிகளுக்கு விருந்து. நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் மூன்றும் தழைச்சத்து மிகுந்த வயலில்தான் மிஞ்சும். மக்காச்சோளத்தில் 2018ல் வந்து சேர்ந்த படைப்புழுவும் அப்படியே. யூரியாவுக்கு ஒரு செலவு, அது அழைத்து வந்த பூச்சிக்கு மருந்தடிக்க இன்னொரு செலவு.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட நிறப் பட்டைகள் கொண்ட அட்டை அது. நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று அட்டையின் மேல் உங்கள் நிழல் விழும்படி பாருங்கள். மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல் அட்டையோடு ஒட்டி வைக்க வேண்டும். பத்து இடத்தில் பார்த்ததில் ஆறு இடத்திலாவது நிறம் எல்லை எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு எல்லை 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுக்கும் 4. ஒரு தடவைக்குக் கோடைப் பருவத்தில் ஏக்கருக்கு 14 கிலோ தழைச்சத்து, அதாவது 30 கிலோ யூரியா. மழைக்காலத்தில் 26 கிலோ யூரியா. நீரை வடித்து, சேற்று ஈரத்தில் போட்டு, மறுநாள் நீர் கட்டுங்கள்.

ஒரே ஆள் பருவம் முழுக்கப் பார்ப்பது நல்லது. இரண்டு கண்களுக்கு ஒரே பச்சை ஒரே மாதிரி தெரிவதில்லை.

மூட்டை கூடுகிறது, விளைச்சல் கூடவில்லை

என் அக்கா மகன் போன ஆண்டு கேட்டான்: "மாமா, மக்காச்சோளம் கிலோ இருபத்துநான்கு ரூபாய்க்குப் போகிறது. ஒரு மூட்டை யூரியா போட்டுப் பதினொரு கிலோ கூடக் கிடைத்தாலே உரக்காசு வந்துவிடுகிறது. ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள்?"

அவன் கணக்கு சரிதான். குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்றால், 266 ரூபாய்க்குப் பதினொரு கிலோ. யூரியா அவ்வளவு மலிவு. ரூபாய்க் கணக்கு மட்டும் பார்க்கிறவனுக்கு மிகை யூரியா ஒருநாளும் தவறாகத் தெரியாது. அதனால் நான் அவனுக்கு வேறு கணக்கைக் காட்டினேன். ஏக்கருக்கு 30 குவிண்டால் மணி எடுத்தால், மணியில் ஏறத்தாழ 1.4 சதவீதம் தழைச்சத்து. வண்டியில் ஏறிப் போவது 42 கிலோ. தட்டையில் ஓர் இருபத்தைந்து கிலோ இருக்கும். அவன் போட்டது டிஏபி, கோழி எரு, யூரியா எல்லாம் சேர்த்து 120 கிலோவுக்கு மேல். மீதி ஐம்பது கிலோவுக்கு மேல் எங்கே? கொஞ்சம் மண்ணில் தங்கியிருக்கும். மற்றது காற்றிலும் கிணற்றிலும்.

விளைச்சலை இழக்காமல் எவ்வளவு குறைக்கலாம் என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது, உங்கள் நிலம்தான் சொல்ல வேண்டும். வயலின் நீளம் முழுக்க நான்கு பாரை (செடி வரிசை நிற்கும் மேட்டை) ஒதுக்கி, இரு முனையிலும் குச்சி நடுங்கள். அந்த நான்கு பாருக்கு மட்டும் மேலுரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மற்ற எல்லாம் ஒன்றுபோல. அறுவடையில் அந்த நான்கு பாரையும், பக்கத்தில் வழக்கம்போல் போட்ட நான்கு பாரையும் தனித்தனியாக அறுத்து, ஒரே அளவு காய்ந்த பிறகு தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சை குறைவாக நிற்கும் பார் எடையிலும் குறையும் என்றே மனம் சொல்லும். எடை குறையவில்லை என்றால் அடுத்த பருவம் முழு வயலுக்கும் அந்த அளவு. குறைந்தால், உங்கள் பழைய அளவு நியாயமானது, அதையே தொடருங்கள். ஒரு பருவம் மழை ஏமாற்றும், இரண்டு பருவம் பார்ப்பது உறுதி.

ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போடுவதும், முன்பயிராகச் சணப்பு விதைத்து 45ஆம் நாள் மடக்கி உழுவதும் யூரியாவைக் குறைக்கும் பழைய வழிகள். சணப்பு மடக்கிய வயலில் முதல் மேலுரத்தைக் குறைத்தாலும் நிறம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டை தின்ற மாடு மூச்சிரைக்கிறது

நிறைய யூரியா போட்ட சோளமோ மக்காச்சோளமோ வறட்சியில் வாடினால், வேர் எடுத்த நைட்ரேட்டைச் செடியால் புரதமாக மாற்ற முடியாமல் அடித்தண்டிலேயே சேர்த்து வைக்கும். அதை வெட்டிப் போட்டால் மாடு தள்ளாடும், வேகமாக மூச்சு வாங்கும், இரத்தம் சாக்லேட் நிறமாகும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் குறைவு. வாடிய பயிரில் அடித்தண்டு ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், வெறும் வயிற்றில் நிறையப் போடாதீர்கள். சோளத்தில் இளம்பயிருக்கே சயனைடு என்ற வேறொரு நஞ்சும் உண்டு என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். இந்த நைட்ரேட் அதற்கு மேல் வரும் இன்னொரு நஞ்சு.

கிணற்று நீரில் நைட்ரேட்

இந்த ஓர் அறிகுறியைக் கண்ணால் பார்க்க முடியாது. நிறம் இல்லை, வாடை இல்லை, சுவையும் மாறுவதில்லை. குட்டையிலோ தொட்டியிலோ பாசி பச்சையாகத் திரண்டால், ஏரியில் ஆகாயத்தாமரை மூடினால் சந்தேகம் வரலாம். உறுதி செய்ய ஆய்வகம்தான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று தடவை அலசிப் பிடித்து, வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறிக்கையில் அலகைக் கவனியுங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சில அறிக்கைகளில் நைட்ரேட்டாக எழுதாமல் அதிலுள்ள நைட்ரஜனாக எழுதுவார்கள். அப்போது எல்லை ஏறத்தாழ 10. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கெட்ட நீரை நல்ல நீர் என்று நம்பிவிடுவோம்.

எல்லையைத் தாண்டியிருந்தால் முதலில் வீட்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவு கரைக்கக் கூடாது. மாட்டின் இரத்தத்துக்கு நேர்வதுதான் குழந்தைக்கும் நேரும். இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாயும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டிலும் நினைத்தோம். காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிறது, நைட்ரேட் பாத்திரத்திலேயே நின்று இன்னும் அடர்த்தியாகிறது. ஆர்ஓ கருவி குறைக்கும். இல்லையென்றால் வேறு நீர்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போட வேண்டாம். கிணற்றுக்கு அருகே கழிவுநீர்த் தொட்டியோ மாட்டுக்கொட்டகையோ எருக்குழியோ இருந்தால் அவையும் தருகின்றன. அதே நீரில் மலக்கிருமியும் இருக்கிறதா என்று சோதித்தால் ஓரளவு பிரித்தறியலாம். வீடு ஒன்றுமே இல்லாத வயல் நடுக் கிணற்றில் நைட்ரேட் ஏறியிருந்தால், சந்தேகிக்க வேண்டியது மேலே உள்ள வயலைத்தான்.

அந்தக் கிணற்று நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தினால் உரக்கணக்கே மாறுகிறது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் என்றால் சுமார் 40,470 லிட்டர். லிட்டரில் 45 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால் அதில் தழைச்சத்து 10 மில்லிகிராம். ஒரு சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ ஆகிறது. ஐந்து சென்டிமீட்டர் வீதம் பத்துத் தண்ணீர் கட்டினால் இருபது கிலோ சொச்சம். ஒரு முழு மூட்டை யூரியா, வாய்க்கால் வழியாக, நாம் அறியாமலே வயலுக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை ஆண்டு மூட்டைகள் அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் இப்படி ஆகும் என்றுதான் மனம் போனது.

வந்தது எல்லாம் பயிருக்குச் சேராது, பாதி என்று வைத்துக்கொள்வேன். எங்கள் நிலத்தின் இப்போதைய கணக்கு இது: ஏக்கருக்கு 100 கிலோ தேவை. ஒன்றரை மூட்டை டிஏபியில் 13 கிலோ சொச்சம். ஒரு டன் கோழி எருவில் 12. கிணற்று நீரில் 10. மீதி 65க்குள், அதற்கு மூன்று மூட்டை யூரியா. முன்பு ஐந்து போட்டேன். நான்கு பார் வைத்துப் பார்த்த இரண்டு பருவத்திலும் எடை குறையவில்லை. பக்கத்து நிலத்தில் கோழி எரு போடுவதில்லை, மண்ணும் வேறு. அவர்களுக்கு இதே எண்ணிக்கை பொருந்தாது.

கிணறு உடனே மாறாது. மேலே குறைத்ததன் பலன் நீர்மட்டம் வரை இறங்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். மழை முடிந்த தை மாதம் ஒருமுறை, ஆடி விதைப்புக்கு முன் ஒருமுறை நீரைச் சோதித்து, மூட்டைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதி வருகிறேன். குடிக்கும் நீரை இன்னும் ஊர்க் குழாயிலிருந்துதான் எடுத்து வருகிறோம்.